காந்தார புத்தர் கிரேக்கர் கைவேலையா?

வாசகர் கேள்வி – 2 ஜூலை 2023

அலெக்சாண்டரோடு வந்த கிரேக்கர்கள்தான் முதன்முதலில் புத்தருக்கு உருவம் கொடுத்தார்கள், அதற்கு முன் இந்தியர்களுக்குச் சாமியை மனித உருவில் செய்யத் தெரியாது என்று ஒரு காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். அப்போலோ சிலையையும் காந்தார புத்தரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது மறுக்கவும் முடியவில்லை. இது உண்மையா? கல் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூலை 2023, இரவு

கல் வேலை தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன். காணொளி சொல்வதில் பாதியை ஏற்கலாம், பாதி நிற்காது.

நிற்காத பாதி முதலில். அலெக்சாண்டர் சிந்து நதிப் பக்கம் வந்தது கி.மு. 327–326இல். கொஞ்ச காலத்திலேயே திரும்பிவிட்டார். நாம் படங்களில் பார்க்கிற காந்தாரக் (இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் பக்கம்) கல் புத்தர்கள் பெரும்பாலும் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலிருந்து 3ஆம் நூற்றாண்டு வரை செய்தவை. சுதை உருவங்கள் இன்னும் பிந்தியவை. நடுவில் முந்நூறு, நானூறு வருடம் கிடக்கிறது. அலெக்சாண்டரின் படையோடு வந்த எந்தச் சிற்பியின் கையும் இந்தப் புத்தர்களைத் தொட்டிருக்க முடியாது.

'செய்யத் தெரியாது' என்பதும் தப்பு. பார்ஹுத் ஸ்தூபியின் கல் வேலியில் இருக்கும் யட்சிகளை, அதாவது பெண் தேவதைகளைப் பாருங்கள். பர்கமில் கிடைத்து இப்போது மதுரா அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆளுயரத்துக்கும் மிஞ்சிய யட்சனைப் பாருங்கள் (மதுரா என்றால் யமுனைக் கரை மதுரா). இதெல்லாம் காந்தார புத்தருக்கு முந்திய வேலை. உடம்பு செய்யத் தெரிந்தவர்கள்தான் புத்தரை மட்டும் உருவமில்லாமல் விட்டிருந்தார்கள். சாஞ்சியின் கிழக்கு வாசலில் சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போகும் காட்சி இருக்கிறது. குதிரை போகிறது, அதற்கு மேலே குடை பிடித்திருக்கிறார்கள், முதுகில் ஆள் இல்லை. கடைசியில் குதிரை திரும்பும் இடத்தில் இரண்டு பாதச் சுவடு. இதைச் செதுக்கியவருக்குக் குதிரை மேல் ஓர் ஆளை உட்காரவைக்கத் தெரியாதா என்ன?

3 ஜூலை, இன்னும் கொஞ்சம்

ஏற்கக்கூடிய பாதியைச் சொல்லாமல் தூங்கப் போனால் நியாயமாக இருக்காது. அலெக்சாண்டர் போன பிறகும் கிரேக்கர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆக்ஸஸ் ஆற்றங்கரையில், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கு ஓரத்தில், ஐ கானூம் என்ற முழு கிரேக்க நகரத்தை 1964 முதல் 1978 வரை பிரெஞ்சுக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். நாடக அரங்கம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, டெல்ஃபி கோயில் வாசகங்களைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். பிறகு கிரேக்க அரசர்கள் இந்துகுஷ் மலையைத் தாண்டித் தட்சசீலம் வரை ஆண்டார்கள். பாலி நூல்கள் மிலிந்தன் என்று சொல்லும் மெனாண்டர் அவர்களில் ஒருவர். தட்சசீலத்து அரசன் அந்தியால்கிதஸ் அனுப்பிய தூதன் ஹீலியோடோரஸ், விதிஷா பக்கம் பெஸ்நகரில் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நட்டது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில். கிரேக்கர்கள் அந்த மண்ணில் வேர்பிடித்தார்கள், நம் தெய்வங்களைக் கும்பிட்டார்கள். இதை மறுத்துப் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை.

ஆனால் கிறிஸ்து சகாப்தம் தொடங்கும்போது அந்த அரசுகள் முடிந்துவிட்டன. சகர்கள் வந்தார்கள், பார்த்தியர்கள் வந்தார்கள், அப்புறம் மத்திய ஆசியாவிலிருந்து குஷாணர்கள். புத்தர் சிலைகள் மலைபோலக் குவிந்தது இந்தக் குஷாணர் காலத்தில். சிலை பெருகியபோது ஆட்சியில் கிரேக்கன் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

5 ஜூலை 2023

"அப்படியானால் காந்தார புத்தரின் மேலாடையில் கிரேக்கச் சிலைபோல விழும் அந்தத் துணி மடிப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. 1940களில் சில அறிஞர்கள் சொன்ன பதில்: கிரேக்கத்திலிருந்து நேராக அல்ல, ரோமிலிருந்து, வியாபாரத்தோடு. மார்ட்டிமர் வீலரும் அந்தக் கட்சிதான். 1944இல் தட்சசீலத்திலும் 1945இல் நம் புதுச்சேரி அரிக்கமேட்டிலும் தோண்டியவர் அவர். அரிக்கமேட்டில் இத்தாலியச் சிவப்புப் பானைகளும் மது ஜாடிகளும் கிடைத்ததை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே கடல் வாணிகத்தின் வடக்குக் கிளை சிந்து நதி வழியாகக் காந்தாரத்துக்குப் போனது.

காபூலுக்கு வடக்கே பெக்ராமில் 1937இலும் 1939இலும் இரண்டு அறைகள் கிடைத்தன. வாசலைச் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ரோமானியக் கண்ணாடிக் கோப்பைகள், இந்தியத் தந்த வேலைப்பாடுகள், சீன அரக்குப் பெட்டிகள், அப்புறம் கிரேக்க உருவங்களை அச்செடுத்த சுண்ணச் சாந்து வட்டுகள். இந்த வட்டுகள்தான் எனக்கு முக்கியம். ஒரு பட்டறைக்கு மாதிரி எப்படி வந்து சேரும் என்பதற்கு நேரடிச் சாட்சி அவை. சிற்பி கப்பலேறி வர வேண்டிய அவசியமே இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அச்சு வந்தால் போதும், கைதேர்ந்தவன் மிச்சத்தைப் பிடித்துக்கொள்வான்.

5 ஜூலை, பின்னிரவு

இன்னொன்று. காந்தாரத்தில் புத்தர் உருவம் பெருகுவதற்கு முன்பே சின்னச் சின்னக் கல் தட்டுகள் செய்திருக்கிறார்கள். வட்டமாக, கையகலத்தில். அவற்றில் கிரேக்கப் புராணக் காட்சிகள். அப்போலோ டாஃப்னியைத் துரத்துகிறான், கடல் கன்னிகள் கடல் மிருகங்கள் மேல் சவாரி போகிறார்கள். ஆகவே ரோமானியச் சரக்கு வந்து இறங்கியபோது உள்ளூர்ப் பட்டறைக்குக் கிரேக்க உருவங்கள் ஏற்கெனவே பழக்கம். 'கிரேக்கமா ரோமா' என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பழைய பழக்கம் ஒன்று அடியில் கிடந்தது, புதிய சரக்கு அதை எழுப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

9 ஜூலை 2023, ஞாயிறு

இன்றைக்கு நேரம் இருக்கிறது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் காந்தாரக் கூடத்தில் நான் பார்த்ததை எழுதுகிறேன். நான் மாமல்லபுரத்தில் கல் வேலை பழகியவன். கருங்கல்லில் உளி வைத்தே வளர்ந்த கைக்கு அந்தக் கூடம் ஒரு அதிர்ச்சி.

முதலில் கல். காந்தாரத்தின் பெரும்பாலான வேலை சிஸ்ட் என்னும் அடுக்குப் பாறையில். சாம்பல் நிறம், சில நேரம் நீலம் கலந்த சாம்பல், சில நேரம் லேசான பச்சை. மினுமினுப்பு இருக்கும். நம் கருங்கல்லைவிட மிகவும் மென்மை. கருங்கல்லில் ஒரு மடிப்பை ஆழமாக இறக்க வேண்டுமானால் கை ஒடிந்துபோகும்; அதனால்தான் நம் சிற்பங்களில் துணி பெரும்பாலும் உடம்போடு ஒட்டி, கோடாக மட்டும் தெரியும். சிஸ்டில் உளி தாராளமாக இறங்குகிறது. அந்தத் தாராளத்தை அவர்கள் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு தோளையும் மூடிய கனத்த மேலாடை, கழுத்திலிருந்து சரிந்து, இடது கை மேல் ஏறி, கீழே அலையலையாக இறங்குகிறது. ஒரு முழங்கால் சற்று முன்னால் மடங்க, அந்த இடத்தில் மட்டும் துணி இறுகி, கால் வெளியே தெரிகிறது. இது மேற்கிலிருந்து கற்ற பாடம், சந்தேகமே வேண்டாம். துணிக்கு ஒரு எடை உண்டு, அது உடம்பின் மேல் ஓரிடத்தில் தங்கி இன்னோரிடத்தில் தொங்கும் என்று பார்க்கிற பார்வை அது.

அடுக்குப் பாறை என்பதால் ஒரு தொல்லையும் உண்டு. அடுக்கு வாட்டத்துக்கு எதிராக அடித்தால் பொரி பொரியாக உரிந்துவிடும். நீட்டிய கையை ஒரே கல்லில் எடுப்பது ஆபத்து. அதனால் பல நிற்கும் புத்தர்களுக்கு வலது முன்கையைத் தனியே செய்து துளையிட்டுச் செருகியிருக்கிறார்கள். அந்தக் கைதான் பிறகு விழுந்து தொலைந்துபோனது. அபயம் காட்டிய கை இல்லாமல், ஒரு குழி மட்டும் தெரிய இத்தனை புத்தர்கள் நிற்பதற்கு ஒரு காரணம் இது.

அடுத்தது பின்பக்கம். சுவரை ஒட்டி வைத்திருந்தாலும் ஓரமாக எட்டிப் பார்த்தால் தெரியும்: முதுகு தட்டை, வேலையே இல்லை. கிரேக்கச் சிற்பி சிலையைச் சுற்றி வந்து பார்ப்பதற்காகச் செய்வான். இவர்கள் சுவரிலோ மாடத்திலோ வைத்து முன்னால் நின்று கும்பிடுவதற்காகச் செய்திருக்கிறார்கள். நம் கோஷ்ட தெய்வங்கள் எப்படியோ அப்படி.

அப்புறம் அளவு. இதைத்தான் அந்தக் காணொளிக்காரருக்குக் காட்ட வேண்டும். தலையின் உயரத்தால் உடம்பை அளந்து பாருங்கள். கிரேக்க மரபில் ஏழு தலை, பிற்காலத்தில் எட்டுத் தலை உயரம். காந்தாரத்தின் பல உருவங்கள் ஐந்து, ஆறு தலைக்கு மேல் போவதில்லை. தலை பெரிது, உடம்பு கட்டை. முகத்தையும் துணியையும் கற்றுக்கொண்டவர்கள் கிரேக்க அளவு முறையைக் கையில் எடுக்கவில்லை. ஏதென்ஸில் பழகிய கை இப்படி அளவு போட்டிருக்காது. எந்தச் சிற்ப மரபிலும் குரு முதலில் சொல்லிக்கொடுப்பது அளவைத்தான், அலங்காரம் கடைசியில்தான் வரும். இங்கே அலங்காரம் வெளியூர், அளவு உள்ளூர். உள்ளூர்க் கொல்லர்களும் கல் தச்சர்களும்தான் இதைச் செய்தார்கள் என்று நான் நம்புவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

இன்னும் ஒன்று. சாம்பல் கல்லாக நாம் பார்ப்பதை அவர்கள் பார்க்கவில்லை. வர்ணம் பூசி, சிலவற்றுக்குப் பொன் தகடும் ஒட்டியிருந்தார்கள். ஓரங்களில் இன்னமும் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

10 ஜூலை 2023

மீசை பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், காந்தார போதிசத்துவர்களுக்கு (புத்தர் ஆகும் பாதையில் இருப்பவர்கள்) மீசை சகஜம், சில புத்தர்களுக்கும் உண்டு. என் அக்கா பேரன் படத்தைப் பார்த்துவிட்டு "தாத்தா, இவர் மாப்பிள்ளையா?" என்றான். போதிசத்துவர் விஷயத்தில் பையன் சொன்னது ரொம்பச் சரி. தலைப்பாகை, கனமான கழுத்து மாலைகள், தோள் வளை, வாரிழுத்த செருப்பு என்று அந்த ஊர் இளவரசன் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோலத்தான் செய்திருக்கிறார்கள். சிலை செய்யப் பணம் கொடுத்தவர்களின் உடையே அது.

14 ஜூலை 2023

ஹெராக்ளிஸ் பற்றி இங்கே யாரும் இன்னும் கேட்காதது ஆச்சரியம். எனக்குக் காந்தாரத்தில் மிகவும் பிடித்தது அவர்தான்.

புத்தருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்பார், கையில் வஜ்ரம். பெயர் வஜ்ரபாணி. மெய்க்காவலர். இவருக்கு எந்த உடம்பைக் கொடுப்பது என்று சிற்பிகள் தேடியபோது கைக்கு வந்தது கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் உடம்பு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பலகை இருக்கிறது. சிங்கத்தோலைத் தலையில் கவிழ்த்து, அதன் முன்கால்களை மார்பில் முடிச்சுப் போட்டு நிற்கிறார். உருவம் அச்சு அசல் ஹெராக்ளிஸ். ஆனால் கையில் இருப்பது வஜ்ரம், கதாயுதத்தைக் காணோம். நிற்பதும் ஒரு துறவிக்குக் காவலாக.

ஜலாலாபாத் அருகே ஹட்டாவில், தப்பா ஷோத்தோர் என்ற இடத்தில் இதைவிட அருமையான ஒன்று இருந்தது. சுதையில் செய்தது. நம் கோபுரங்களில் இருக்கும் அதே சுதை வேலைதான், செங்கலும் மண்ணும் சுண்ணமும் வைத்துக் கட்டி மேலே விரலால் உருவம் எடுப்பது. மாடத்துக்குள் புத்தர் அமர்ந்திருக்க, பக்கத்தில் தாடி வைத்த ஹெராக்ளிஸ், தோளில் சிங்கத்தோல், கையில் வஜ்ரம், புத்தரைத் திரும்பிப் பார்க்கிறார். 1970களில் ஆப்கான் அறிஞர்களே தோண்டி எடுத்தது. பிறகு வந்த போரில் அந்த இடமே தரைமட்டமானது. இன்றைக்குப் புகைப்படங்கள்தான் மிச்சம். நான் சுதை வேலைக்காரர்களோடு சாரம் ஏறியவன். அந்தப் படத்தில் அவருடைய தோளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சதையைப் பிசைந்து வைத்தவனின் கட்டைவிரல் எங்கே அழுந்தியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. அது போய்விட்டதே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

ஹெராக்ளிஸ் அங்கேயே நிற்கவில்லை. பட்டுப் பாதை வழியே பௌத்தம் கிழக்கே போனபோது கூடவே போனார். சீனத்தில் சிங்கத்தலையைக் கவசமாக அணிந்த காவலர்கள் தோன்றினார்கள். ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில், 1203இல் உன்கேயும் கைகேயும் தம் சீடர்களோடு செய்த இரண்டு மரக் காவலர்கள் நிற்கிறார்கள், எட்டு மீட்டருக்கும் மேல் உயரம். புடைத்த நரம்பும் திமிறும் மார்புமாக நிற்கும் அந்த இருவரும் வஜ்ரபாணியின் வம்சம்.

14 ஜூலை, ஒரு சேர்க்கை

கிரேக்கக் கதையில் வரும் ட்ராய் மரக் குதிரையும் உண்டு! மர்தான் பக்கத்தில் கிடைத்த பலகை, இப்போது லண்டனில். சக்கரம் வைத்த குதிரை, ஈட்டியால் அதைக் குத்துபவர், வாசலில் இரு கைகளையும் தூக்கி நிற்கும் ட்ராய் இளவரசி கசாண்ட்ரா. கசாண்ட்ராவின் உடை மட்டும் நம் ஊர் யட்சியின் உடை. கதை எங்கிருந்து வந்தாலும் பெண் என்றால் இப்படித்தான் என்று அந்தக் கை பழகியிருக்கிறது.

18 ஜூலை 2023

அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல். காந்தாரத்தின் கதைப் பலகைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஸ்தூபியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பதித்திருந்தார்கள். வலம் வருகிறவருக்கு ஸ்தூபி வலது கைப் பக்கம் இருக்கும். அதைப் பார்த்து நின்று நகர்ந்தால் இடப்பக்கமாகத்தான் நகர்வோம். கோயிலில் பிரதட்சிணம் செய்து பழகிய யாருக்கும் உடம்பே சொல்லிவிடும். ஆனால் கூடத்தில் சுவரில் மாட்டியிருக்கும்போது கண் இடமிருந்து ஓடுகிறது. பரிநிர்வாணத்தில் (புத்தரின் மறைவில்) தொடங்கிப் பிறப்பில் போய் முடிகிறது. என்னோடு வந்தவர்களை ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து எதிர்முனைக்கு இழுத்துப் போக வேண்டியிருக்கிறது.

பிறப்புக் காட்சியை நின்று பாருங்கள். மாயாதேவி சால மரக் கிளையைப் பிடித்து நிற்கிறாள், வலது விலாவிலிருந்து குழந்தை வருகிறது, இந்திரன் துணியில் ஏந்துகிறான். கிளையைப் பிடித்து இடுப்பை ஒடித்து நிற்கும் அந்த நிலை பார்ஹுத், சாஞ்சி யட்சிகளுடையது, நூறு சதவீதம் நம் பக்கம். அதே பலகையின் ஓரத்தில் பிரிக்கும் தூணைப் பாருங்கள், தலையில் அகாந்தஸ் இலை விரிந்த கொரிந்தியத் தூண், கிரேக்க பாணி. இரண்டும் ஒரே கல்லில், ஒரே உளியில்.

23 ஜூலை 2023

"யார் முதலில்" என்ற சண்டைக்கு வருவோம். தவிர்க்க முடியாது, காணொளியின் அடியில் இருப்பது அதுதான்.

பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் ஃபூஷே 1905 முதல் காந்தாரக் கலையைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். புத்தர் உருவத்தின் பிறப்பே கிரேக்கம் என்றார். அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு அது இனித்தது. இந்தியக் கலையில் எது அழகோ அது மேற்கிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டதே. இங்கிலாந்துக்காரரான ஹாவெல் மட்டும் எதிர்த்தார். 1884இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்று வந்தவர், பிறகு கல்கத்தா போனவர். காந்தாரத்தை இந்தியக் கலையின் சிகரம் என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை.

முழு பதில் தந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து சர் முத்து குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். அவர் முதலில் படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுத் துறையை நடத்தியவர். கல்லைத் தெரிந்துகொண்டு சிற்பத்துக்கு வந்த மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தபோது 1927இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அவர் கேட்டது எளிமையான கேள்வி: பத்மாசனத்தில் கண் தாழ்த்தி அமர்ந்த யோகிக்கு கிரேக்கத்தில் முன்மாதிரி எங்கே? மதுராவின் சிவப்பு மணற்கல் புத்தர்களைக் காட்டினார். வலது தோள் திறந்தது, மெல்லிய துணி, அகன்ற மார்பு, தூக்கிய கை, நேராகப் பார்க்கும் புன்னகை. பர்கம் யட்சனின் பேரப்பிள்ளைகள். அப்போலோவின் சாயல் துளிகூட இல்லை. பாலர் என்ற பிக்கு சாரநாத்தில் நிறுத்திய மதுரா சிலையில் குஷாண அரசர் கனிஷ்கரின் 3ஆம் ஆட்சியாண்டு என்று எழுதியே இருக்கிறது. கனிஷ்கர் கி.பி. 127ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்தார் என்பது இப்போது பலரும் ஏற்கும் கணக்கு, ஆக அது சுமார் 130.

23 ஜூலை, சாப்பிட்ட பிறகு

மேலே எழுதியதில் ஒரு கட்சி சார்பு தெரிகிறது, அதனால் இதையும் சேர்க்கிறேன். நான் இளவயதில் குமாரசுவாமியைப் படித்துவிட்டு ஃபூஷே பெயரைக் கேட்டாலே சீறுகிறவனாக இருந்தேன். கல்லோடு பழகப் பழக அந்தக் கோபம் கரைந்துவிட்டது. காந்தாரமும் மதுராவும் ஏறத்தாழ ஒரே காலம், இரண்டும் குஷாண ஆட்சியில், இரண்டுக்கும் நடுவே பிக்குகளும் வணிகர்களும் போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து வருடம் யார் முந்தி என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஐந்நூறு வருடம் காலி ஆசனத்தைக் கும்பிட்டவர்களுக்கு ஒரே தலைமுறையில் இரண்டு ஊர்களில் முகம் வேண்டியிருந்தது ஏன் என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அதே காலத்தில் மற்றத் தெய்வங்களுக்கும் கல்லில் உருவம் வருகிறது, சமண தீர்த்தங்கரர்களுக்கும் வருகிறது. பக்தி பெருகி, கண்ணுக்கு நேரே ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் வந்துவிட்டது. கேட்டவர்கள் இந்த மண்ணின் பக்தர்கள். கையில் கிடைத்த மொழியில் சிற்பிகள் பதில் சொன்னார்கள். பெஷாவரில் கிடைத்தது ஒரு மொழி, மதுராவில் கிடைத்தது வேறு.

27 ஜூலை 2023

தேதி எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டதற்குச் சுருக்கமாக. லோரியான் தங்காய் என்ற இடத்து புத்தர் ஒருவரின் பீடத்தில் '318ஆம் ஆண்டு' என்று அந்தப் பகுதியின் பழைய எழுத்தான கரோஷ்டியில் இருக்கிறது (இந்தத் தொகுப்பு கொல்கத்தாவில்). எந்த சகாப்தத்தின் 318? அது எழுதவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிரேக்க அரசர்கள் தொடங்கிய யவன சகாப்தம் என்று எடுத்தால் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவை ஒட்டி வரும். கிரேக்க அரசு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அவர்கள் தொடங்கிய ஆண்டுக் கணக்கை மக்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிற்பத்தில் மேற்கின் சாயல் தங்கியதும் எனக்கு இதுபோலத்தான் படுகிறது.

கனிஷ்கரின் பொற்காசு ஒன்றில் நிற்கும் புத்தர், ஓரத்தில் கிரேக்க எழுத்தில் 'பொத்தோ' என்று பெயர். மற்றக் காசுகளில் ஈரானியத் தெய்வங்கள், சிவனைப்போன்ற ஒயிஷோ. அந்த ராஜ்யத்தின் சந்தையில் எல்லாரும் இருந்தார்கள்.

2 ஆகஸ்ட் 2023

நேற்று முழுக்க உண்ணாநோன்பு சித்தார்த்தரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தாரப் பக்கத்துச் சிக்ரியில் (ஃபதேபூர் சிக்ரி இல்லை) கிடைத்தது, லாகூர் அருங்காட்சியகத்தில் இருப்பது. விலா எலும்புகள் கூண்டுபோல எழும்பி, வயிறு முதுகோடு ஒட்டி, கழுத்தில் நரம்பு இழுத்து, கண் குழியில் ஆழ்ந்து. தோலுக்கு மேலே ஓடும் நரம்புகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார். உடற்கூறு தெரிந்த கை, அந்தப் பார்வை மேற்கிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் கிரேக்கச் சிற்பி அழகான உடம்பைப் போற்ற அதைப் பயன்படுத்தினான். இங்கே உடம்பு முழுக்க வற்றிய பிறகும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனத்தைக் காட்டப் பயன்படுகிறது. முதுகு வளையவில்லை பாருங்கள். என் தொழிலில் நான் பார்த்த மிகப் பெரிய வேலை அது. நம் காரைக்காலம்மையார் உருவங்களைச் செய்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள்.

லாகூர் போவது நம்மில் பலருக்கு நடக்காது. சண்டிகர் போகலாம். பிரிவினைக்குப் பிறகு லாகூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பை 60க்கு 40 என்று பங்கு போட்டார்கள், இந்தியாவின் பங்கு 1948 ஏப்ரலில் வந்தது. அதுதான் இப்போது ல கொர்பூசியே வடிவமைத்த சண்டிகர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டமே இருக்காது.

3 ஆகஸ்ட் 2023

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அமராவதிக் கூடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பது காந்தாரம் இல்லை, கிருஷ்ணா நதிக்கரை வேலை, வெளிர்பச்சைச் சுண்ணாம்புக்கல். ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வேலியின் மேல்வரிசையில் இளைஞர்கள் தோளில் சுமந்து போகும் பெரிய மாலை இருக்கும். காந்தாரத்தில் சிறு பிள்ளைகள் சுமப்பதும் அதே வளைந்த மாலை, ரோமானியக் கல் சவப்பெட்டிகளிலும் அதே. அங்கே மலை வழி, இங்கே பெரும்பாலும் கடல் வழி. ஆனால் அமராவதி புத்தரின் வலது தோள் திறந்திருக்கும், துணியின் கீழ்ஓரம் தடித்த மடிப்பாகச் சுருண்டிருக்கும். அந்தப் புத்தர்தான் அனுராதபுரத்துக்குப் போனார். காந்தாரத்தவர் சீனத்துக்குப் போனார்.

11 ஆகஸ்ட் 2023

இணையத்தில் 'காந்தார புத்தர் தலை, அசல், 2ஆம் நூற்றாண்டு' என்று விற்பதை வாங்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில், எல்லோரும் படிக்கட்டும். வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு. காந்தாரத்தில் போலி செய்வது நூறு வருடத் தொழில், அதே கல், அதே மலை, கை தேர்ந்தவர்கள் செய்கிறார்கள். அசலாக இருந்தால் இன்னும் மோசம். யாரோ ஒரு ஸ்தூபியின் மாடத்தில் முழு உருவமாக இருந்ததைத் தலை மட்டும் சுமக்க வசதி என்று அறுத்திருக்கிறார்கள். எந்த மாடம், பக்கத்தில் யார், கீழே என்ன எழுதியிருந்தது என்ற எல்லாச் செய்தியும் அந்த வெட்டோடு போய்விட்டது. நான் மேலே எழுதிய ஒவ்வொரு வரியும், இடத்தோடு சேர்த்துக் கவனமாகத் தோண்டியவர்களால் கிடைத்தது.

ஆசையாக இருந்தால் நல்ல சிற்பி ஒருவரிடம் சொல்லி, அவர் பெயரைப் பீடத்தில் வெட்டவைத்து, புதிதாக ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் பட்டறைகள் இருக்கின்றன. கல் தேர்வு பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த இழையிலேயே கேளுங்கள், சொல்கிறேன்.